மக்கட்பேறும் மருத்துவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, சிலப்பதிகாரம் பற்றியோ தமிழர் பண்பாடு பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். முன்னைய விழாக்களில் அவற்றையே பேசியும் இருக்கிறேன். இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கூறியதும் அவர் சற்றுத் தயங்கினார். "பெண்கள் நிறைந்த அவையாயிற்றே!" என்றார். பெண்கள் நிறைந்த அவை என்பதனாலேயே பேச வேண்டும் என்று வற்புறுத்தி அவருடைய இசைவைப் பெற்றேன். அதற்கு முன்பே மற்றொருவரின் இசைவையும் பெற்றுவிட்டேன். அவர் என் இல்லாள். இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். "சொல்வதானால் முழுவதும் சொல்லுங்கள். என் பங்கைச் சொல்லி உங்கள் பங்கை மறைத்துவிடாதீர்கள்" என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

நான் மருத்துவம் படித்தவனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பயணச்சீட்டும் பதிவேடுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன். ஆயினும் ஒரு நோயைப் பற்றி மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் படித்திருக்கிறேன். மருத்துவமனைத் தாழ்வாரங்களே என் பள்ளிக்கூடம். அங்கே கற்றதைச் சொல்லவே நிற்கிறேன். மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவரே சொல்வார்.

நம் பெண்கள் 'நீர்க்கட்டி' என்றும் 'பி.சி.ஓ.டி.' என்றும் தணிந்த குரலில் சொல்லிக்கொள்கிறார்களே, அந்நோயைத்தான் குறிப்பிடுகிறேன். மருத்துவர்கள் அதனைப் 'பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்' என்பர். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது உண்டு. அவர்களிலும் நூற்றுக்கு எழுபது பேர் வரை, தமக்கு அஃது இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்திருக்கிறது. நம் காலனியில் எத்தனை வீடுகள் என்பதை எண்ணிப் பாருங்கள். எத்தனை வீடுகளில் இது பேசப்படாமல் கிடக்கிறது என்பது தானே விளங்கும்.

நான் 2007-ஆம் ஆண்டு மணம் புரிந்தேன். என் இல்லாள் சங்கரன்கோவில் பக்கத்தவர். இந்த அதியன்னூருக்கு வந்தபோது மலையாளம் ஒரு சொல்லும் அறியார். முதன்முதல் மருத்துவமனைக்குச் சென்றபோது செவிலியர், "ஆர்த்தவம் கிரமமாணோ?" என்று வினவினார். அது தம் ஊரைப் பற்றிய கேள்வி என்று எண்ணிக்கொண்டு, இவர் தலையசைத்துவிட்டார். ஆர்த்தவம் என்பது மாதவிலக்கு. மாதந்தோறும் ஒழுங்காக வருகிறது என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அவருக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, சில வேளை நான்கு மாதத்திற்கு ஒருமுறைதான் வரும். அந்த ஒரு தலையசைப்பினால் ஓராண்டு வீணாயிற்று. எல்லைப்புறத்து வாழ்வில் மொழியின் இன்னல்களைப் பற்றி நம் சங்கம் பல தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறது. கடைப் பலகையையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசினோமேயன்றி, இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அண்டாசயம் என்றால் சினைப்பை. வந்த்யத என்றால் பிள்ளையின்மை. இந்த மூன்று சொற்களையாவது நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி நோயின் இயல்பைச் சொல்கிறேன். கருப்பையின் இரு மருங்கிலும் வாதுமைப் பருப்பின் அளவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. மாதந்தோறும் அங்கே சில சினைமுட்டைகள், நீர் நிறைந்த சின்னஞ்சிறு பைகளுக்குள் இருந்தவாறு வளரத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் முந்தி வளர்ந்து, இரண்டு வாரத்தில் ஏறத்தாழ இருபது மில்லிமீட்டர் பருமன் எய்தி, பை வெடித்து முட்டை வெளிவருகிறது. ஏனையவை சுருங்கிவிடும். வெளிவந்த முட்டை ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிர்த்திருக்கும். அதற்குள் ஆணின் உயிரணு வந்து கூடினால் கரு உண்டாகும். கூடாவிட்டால் இரு வாரத்தில் மாதவிலக்கு வரும்.

எங்கள் தொழிலில் அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' கொடுத்தாலன்றி வண்டி புறப்படாது. சினைப்பைக்கும் அப்படியொரு ஏற்பாடு உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பிதான் கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்து வரும் ஹார்மோன்களே அனுமதி. இந்நோயிலோ பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ஒரே வேளையில் புறப்பட ஆயத்தமாகி, ஒன்றுக்கும் லைன் கிளியர் கிடைக்காமல் யார்டிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கேன் படத்தில் அவை கோத்த முத்துக்கள்போல் சினைப்பையின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். நீர்க்கட்டி என்பது இதுவே. இது வெட்டி எறிய வேண்டிய கட்டியன்று, புற்றுமன்று. வளராமல் நின்ற முட்டைப் பைகள், அவ்வளவே. 'கட்டி' என்ற சொல்லைக் கேட்ட அன்றிரவு என் இல்லாள் உறங்கவில்லை. அச்சொல்லின் பொருளை எவரேனும் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் உறங்கியிருப்பார். நான் விளக்கவில்லை, எனக்கும் தெரியாது.

முட்டை ஏன் நின்றுவிடுகிறது? பலருக்கு இன்சுலின் அதில் பெரும் பங்கு வகிக்கிறது. சர்க்கரை நோயைப் பற்றி நாம் கேள்வியுறும் அதே இன்சுலின்தான். உடல் அதன் கட்டளைக்குச் சரியாகக் கீழ்ப்படியாதபோது, கணையம் மேலும் மேலும் அதனைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, அங்கே ஆண்பால் ஹார்மோனைப் பெருக்குகிறது. முகத்தில் மயிர் அரும்புவதும் பரு மிகுவதும் அதனால்தான். முட்டை பாதி வளர்ச்சியில் நிற்பதும் அதனால்தான். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் இவளுக்கும் வரக்கூடும். பருத்த உடலினர்க்கு மட்டுமே வரும் என்று எண்ண வேண்டா. மெலிந்த பெண்களுக்கும் வருகிறது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்பால் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் அடையாளம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற பிற காரணங்கள் இல்லையென்று தெளிந்தால் இந்நோய் என முடிவு செய்யலாம் என்று 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய அறிஞர்கள் வகுத்தனர்.

இது புதிய நோயன்று. நம் காலத்துப் பரோட்டாவினால் வந்ததும் அன்று. பரோட்டாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். 1935-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் ஸ்டெயின், லெவெந்தால் என்னும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களின் வரலாற்றை எழுதி வெளியிட்டனர். சினைப்பையில் ஒரு பகுதியை அறுத்தெடுத்ததும் எழுவர்க்கும் மாதவிலக்குத் திரும்பியது, இருவர் கருவுற்றனர். நெடுங்காலம் அறுவையே வழியாக இருந்தது. பின்னர் 1961-இல் கிரீன்பிளாட் என்பவர் குளோமிபீன் என்னும் மாத்திரையால் முட்டையை வெளிவரச் செய்து காட்டினார். அதே காலத்தில், மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து முட்டையை வளர்க்கும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். அந்தச் சிறுநீர் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இத்தாலி நாட்டுக் கன்னிமாடங்களில் வாழ்ந்த முதிய துறவியரிடமிருந்து! அம்மருந்தினால் முதற் குழந்தை 1962-இல் பிறந்தது. பிள்ளை வேண்டாமென்று உலகைத் துறந்த மூதாட்டியர், பிள்ளைக்கு ஏங்கிய பெண்களுக்குத் துணையானார்கள். இதனைப் படித்தபோது நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

இனி என் பங்கு.

எங்கள் மணத்திற்குப் பின் மூன்றாண்டுகள் கோயிலும் நேர்த்திக்கடனுமாகக் கழிந்தன. நாகர்கோயில் நாகராசா கோயிலுக்குப் பாலூற்றினோம். அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. என் இல்லாளின் மனத்திற்கு அங்கே ஆறுதல் கிடைத்தது. குறை வேறெங்கோ இருந்தது. ஊரிலிருந்து வருவோரெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னரே "விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்துக் கேட்டதில்லை. என் அன்னையார் ஒருநாள் சமையற்கட்டில் நின்று, வள்ளுவர் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தமையை எடுத்துக்கூறி, குறளும் ஒன்று சொன்னார்கள். தமிழ் படித்த குடும்பமல்லவா! அந்தக் குறளைச் சிறு வயதில் ஒப்பித்து நான் பரிசு பெற்றிருக்கிறேன். அன்று என் இல்லாள் அடுப்பின் முன் தலைகுனிந்து நின்றார். நான் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

'மலடி' என்ற சொல்லை நாம் எத்தனை எளிதாக வழங்குகிறோம்! அகராதியில் 'மலடன்' என்ற சொல்லும் இருக்கிறது. எந்தத் தெருவிலாவது அது வழங்கக் கேட்டதுண்டா? மாடு, மரம், பெண் ஆகிய மூன்றையுமே மலடு என்கிறோம். ஆண்மகன் மட்டும் அப்பட்டியலில் சேருவதில்லை. ஆனால் பிள்ளையில்லாத இணையரைச் சோதித்துப் பார்த்தால், ஆணின் குறையும் அடிக்கடி அங்கே இருக்கக் காண்கிறார்கள். இருவரிடமும் குறை இருப்பதும் உண்டு. பெண்ணுக்கு நீர்க்கட்டி என்று தெரிந்துவிட்டதனால் ஆணுக்குச் சோதனை வேண்டா என்பது பெரும் பிழை.

அந்தப் பிழையை நான் செய்தேன். 2010-இல் நோய் இன்னதென்று கண்ட மருத்துவர், என்னுடைய விந்தணுச் சோதனைக்கும் ஒரு சீட்டு எழுதித் தந்தார். அதனை மடித்து என் பணிப் பையில் வைத்தேன். ஈராண்டுகள் அது அங்கேயே இருந்தது. நாள்தோறும் சோற்றுப் பாத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் விரலில் படும். அந்த ஈராண்டில் என் இல்லாள் இரத்தச் சோதனை, ஸ்கேன், வலி தரும் கருக்குழாய்ச் சோதனை எல்லாவற்றையும் முடித்துவிட்டார். 2012-இல்தான் நான் சென்றேன். குறையொன்றும் இல்லையென்று முடிவு வந்தது. படித்ததும் எனக்கு உண்டான உணர்ச்சி மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் நாணுகிறேன். 'அப்படியானால் குறை முழுதும் அவளுடையது' என்பதுதானே அதன் பொருள்? அரைமணி நேரத்தில் முடியும் ஒரு சோதனைக்காக இருபத்தேழிலிருந்து இருபத்தொன்பது வரை அவருடைய வயதில் இரண்டாண்டை நான் செலவிட்டேன். முட்டைக்கு வயதே முதல் பகை. முப்பத்தைந்துக்குமேல் அதன் தொகையும் தரமும் விரைந்து குறைகின்றன. ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி வரும் என்பது எங்கள் தொழிலின் விதி. வயதுக்கு அவ்விதி இல்லை.

அதன்பின் குளோமிபீன் கொடுத்தார்கள். ஆறு முறை. இரண்டு முறைதான் முட்டை வெளிவந்தது. கரு தங்கவில்லை. அப்போது நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றின் விளம்பரத்தைக் கண்டு அங்கே சென்றோம். முதல் நாளிலேயே சோதனைக்குழாய் முறைக்கு இத்தனை தொகை என்று தட்டச்சிட்ட தாளைத் தந்தார்கள். உடல் எடை என்ன, சர்க்கரை எவ்வளவு, ஊசி மருந்தை அளவாகக் கொடுத்துப் பார்த்தார்களா என்ற கேள்விகள் எழவே இல்லை. வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்துக் கட்டினேன். நீர்க்கட்டி நோயுள்ள சினைப்பை, ஊசி மருந்துக்கு அளவு மீறி எதிரொலிக்கும். இருபது முப்பது முட்டைகள் ஒரே வேளையில் வளர்ந்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் கோத்துக்கொள்ளும். என் இல்லாளுக்கு அவ்வாறே நேர்ந்தது. வயிறு வீங்கி, மூச்சு முட்டி, ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார். அயலார் ஒருவர் அந்த வயிற்றைப் பார்த்து "விசேஷமா?" என்று கேட்டார். குழந்தை உண்டாகவில்லை.

சோதனைக்குழாய் முறையை நான் இழித்துப் பேசவில்லை. அது நம் நாட்டுக்குப் பெருமை தருவது. 1978 சூலையில் இங்கிலாந்தில் முதற் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே, அக்டோபர் 3-ஆம் நாள், கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. ஆய்வுக்கு உகந்த இடத்திலிருந்து மாற்றினார்கள். 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, அவர் செய்தது உண்மையே என்று 1997-இல் உலகுக்குச் சொன்னவர் டாக்டர் ஆனந்தகுமார். அவர் யார் தெரியுமா? 1986-இல் மும்பையில் டாக்டர் இந்திரா இந்துஜாவுடன் சேர்ந்து அத்தகைய குழந்தையை உருவாக்கி, 'நாட்டின் முதல்வர்' என்ற புகழைத் தாமே பெற்றிருந்தவர். தமக்குரிய முதலிடத்தைத் தாமே எடுத்து, இறந்துபோன ஒருவருக்குக் கொடுத்தார். இத்தகைய மனிதரைப் பற்றியும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சென்னையில் 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் முயற்சியால் தென்னாட்டிலும் அது கைகூடியது.

ஆனால் நீர்க்கட்டி நோய்க்கு அது முதற்படியன்று, கடைசிப் படி. பலர் அதற்கு முன்பே இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கிவிடுவார்கள்.

முதற்படி உணவும் நடையும். எடை மிகுந்த பெண், தன் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடுகிறது. எழுபது கிலோ என்றால் மூன்றரைக் கிலோ முதல் ஏழு கிலோ வரை. எலும்பும் தோலுமாக மாற வேண்டியதில்லை. ஆனால் மருமகள் மாலையில் நடக்கப் புறப்பட்டால், "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்கும் வீட்டில் இந்த மருந்து பலிக்காது. மூன்று வேளையும் சோற்றைக் குவித்து வைத்துவிட்டு, அவளை மட்டும் பட்டினி கிடக்கச் சொன்னாலும் பலிக்காது. வீடே மாற வேண்டும்.

அடுத்தது மாத்திரை. இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. லெட்ரசோல் என்பது மார்பகப் புற்றுக்குக் கண்ட மருந்து. அதனை மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாட்கள் கொடுத்தால் முட்டை வளர்கிறது என்று 2001-இல் கனடா நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். பிறக்கும் குழந்தைக்கு ஊனம் நேரலாம் என்ற ஐயம் 2005-இல் எழுந்தது. மறு ஆண்டே 911 குழந்தைகளை ஆராய்ந்து, குளோமிபீனைவிட இதில் ஊனம் மிகுதியாக இல்லை என்று கண்டனர். ஆயினும் 2011 அக்டோபரில் நம் அரசு, கருத்தரிப்புக்காக இதனை வழங்குவதை நிறுத்திவைத்தது. 2014-இல் அமெரிக்காவில் இந்நோயுள்ள 750 பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. லெட்ரசோல் உண்டவருள் நூற்றுக்கு 27.5 பேரும், குளோமிபீன் உண்டவருள் 19.1 பேரும் குழந்தை பெற்றனர். நம் நாட்டில் தடை 2017-இல் நீங்கியது. இன்று உலக நாடுகளின் வழிகாட்டு நெறிகள் இதனையே முதல் மாத்திரையாகக் கூறுகின்றன. அரசு ஐயுற்றது தவறென்று நான் சொல்ல மாட்டேன்; குழந்தையைக் காக்க எண்ணித்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஆறாண்டும் என் இல்லாளின் இருபத்தெட்டு முதல் முப்பத்துநான்கு வரையிலான ஆறாண்டு.

மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையையும் இதற்குத் தருகிறார்கள். தனியே கொடுத்தால் அதன் பயன் குறைவு. 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சியில் நூற்றுக்கு ஏழு பேரே அதனால் மட்டும் குழந்தை பெற்றனர். இன்சுலினைப் பணியச் செய்யும் துணை மருந்தாகவே அதனைக் கருத வேண்டும். மாத்திரை பலிக்காவிடில், ஸ்கேனில் பார்த்துப் பார்த்து அளவாகப் போடும் ஹார்மோன் ஊசி உண்டு. வயிற்றில் சிறு துளையிட்டுச் சினைப்பையில் சில புள்ளிகளைச் சுடும் முறையும் உண்டு. இவை பொருந்தாதபோதுதான் சோதனைக்குழாய். அதிலும் இப்போது தீங்கு குறைந்துவிட்டது. கருவை உடனே வைக்காமல் உறையவைத்து, சினைப்பை அடங்கிய பின் வைத்தால் வயிற்று வீக்கம் நூற்றுக்கு ஏழிலிருந்து ஒன்றளவுக்குக் குறைவதாகச் சீன நாட்டில் 1,508 பெண்களைக் கொண்டு ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். இவர்கள் அனைவரும் நம் இல்லாள் போன்றவர்களே. எங்கோ பெயர் தெரியாத பெண்கள் தம் உடலை ஆராய்ச்சிக்குத் தந்ததனால்தான் இந்தக் கணக்குகள் நமக்குக் கிடைத்தன.

2018-இல் நாங்கள் அரசு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் கேட்டது மாதவிலக்கு நாட்களின் குறிப்பு. பதிவேடு எழுதியே வயிறு வளர்க்கும் என்னிடம் அந்தக் குறிப்பு இல்லை! என் இல்லாளிடம் இருந்தது. இரயில்வே நாட்காட்டிகளின் பின்புறத்தில் பதினோராண்டுக் குறிப்பையும் பென்சிலால் எழுதி, சுருட்டிப் பரணில் வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. மருத்துவர் அவற்றை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். எட்டுக் கிலோ குறைத்தார் என் இல்லாள். நானும் உடன் நடந்து ஐந்து குறைத்தேன். லெட்ரசோல் கொடுத்தார்கள். மாதந்தோறும் முட்டை வெளிவந்தது. ஆனால் வயது முப்பத்தைந்து கடந்திருந்தது. 2020-இல் இருவருமாக இனிப் போதும் என்று முடிவு செய்தோம். மருத்துவர் வேறு வழிகளைச் சொன்னார். வேண்டாமென்று சொன்னவர் என் இல்லாள்தான். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையது.

என் இல்லாளுடைய தமக்கையின் மகளுக்கும் இதே நோய். இருபத்துநான்கு வயதில் மணமானதும், அவளுடைய சித்தி, அதாவது என் இல்லாள், அவளையும் மாப்பிள்ளையையும் ஒருசேர மருத்துவரிடம் அனுப்பினார். முதல் வாரத்திலேயே இருவர்க்கும் சோதனை முடிந்தது. ஆறு கிலோ குறைத்து, மாத்திரை உண்டு, நான்காம் மாதம் கருவுற்றாள். பேறுகாலத்தில் சர்க்கரை சற்று ஏறியது. இந்நோயுள்ளவர்க்கு அஃது ஏறக்கூடும் என்பதை முன்பே அறிந்திருந்ததனால் அஞ்சாமல் கவனித்துக்கொண்டார்கள். எல்லார்க்கும் இவ்வாறே நேரும் என்று நான் உறுதி கூறவில்லை. மாத்திரை உண்ட நூற்றுவரில் 27 பேர் என்ற கணக்கை இப்போதுதானே சொன்னேன்! ஆனால் அவள் ஈராண்டைப் பணிப் பையில் மடித்து வைக்கவில்லை.

பிள்ளை பெற்றுவிட்டோம், அல்லது வேண்டாமென்று விட்டுவிட்டோம் என்பதனால் இந்நோயை மறந்துவிடவும் கூடாது. மாதக்கணக்கில் விலக்கு வராமலிருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், பிற்காலத்தில் புற்றாக மாறும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயும் இவர்களை எளிதில் பற்றுகிறது. ஆகவே மணமாகாத பெண்ணுக்கும் மாதவிலக்கு ஒழுங்கில்லையென்றால், 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று சொல்லிக் காலம் தாழ்த்தாதீர்கள். என் இல்லாளுக்கும் அவ்வாறே சொல்லித்தான் மணம் செய்துவைத்தார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதற்படிகளுக்கு நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைக்கே செல்லலாம். அதற்குமேல் வேண்டுமானால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை அடுத்துள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை இருக்கிறது. சிறு வயதிலேயே மறைந்த திருவிதாங்கூர் இளவரசர் ஒருவரின் நினைவாக 1952-இல் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் எழுந்த மருத்துவமனை அது. அங்கே கருத்தரிப்பு மருத்துவத்திற்கெனத் தனித் துறை உண்டு. சோதனைக்குழாய் முறையும் அரசுத் துறையிலேயே செய்யப்படுகிறது. மத்திய அரசு ஊழியர்க்கு அம்முறைக்கான செலவில் சுற்று ஒன்றுக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுற்றுகள் வரை திருப்பித் தரலாம் என்று 2011-இல் ஓர் ஆணை வந்தது. அரசுப் பணியிலிருப்போர் தத்தம் அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டறிந்த பின்னரே கடன் வாங்குங்கள். நான் கடன் வாங்கிய பின்னரே கேட்டேன். தனியார் நிலையங்களுக்குச் செல்வோர், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிலையம் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவெண்ணைக் காட்டத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டா.

சங்கத்தின் சார்பில் ஓர் அட்டை அச்சிட்டிருக்கிறோம். ஒரு பக்கத்தில் மாதவிலக்கு நாட்களைக் குறிக்கும் கட்டங்கள். மறுபக்கத்தில் மருத்துவமனையில் கேட்கப்படும் சொற்கள், மலையாளத்திலும் தமிழிலும் நம் எழுத்திலேயே. வாசலருகே என் இல்லாளிடம் பெற்றுக்கொள்ளலாம். ஞாயிறு மாலைதோறும் அவர் நூலக அறையில் இருப்பார். மருமக்கள் மாமியார் துணையின்றித் தனியே வரலாம் என்று சொல்லச் சொன்னார். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமென்றாலும் அவரே உடன் வருவார். பாறசாலை வண்டியில் ஏறுவதிலிருந்து சீட்டு எழுதும் இடம்வரை எல்லாம் அவருக்குப் பழக்கம். ஆண்கள் என்னிடம் வரலாம். சோதனை எங்கே செய்கிறார்கள், எப்போது செல்ல வேண்டும் என்பதைச் சொல்கிறேன். வேண்டுமானால் விடுப்பு எடுத்துக்கொண்டு உடனும் வருகிறேன்.